தானியப் பையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவது எப்படி? வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மெல்பர்னில் நான் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கிய முதல் ஆண்டில் மூன்று துணிப்பைகளையும் நாற்பது லிட்டருக்கு மேற்பட்ட பியரையும் இழந்தேன். வாங்கிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) நல்லது, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ நல்லது, நொதிக்கவைக்கும் ஈஸ்டும் புதியது. வெப்பநிலையையும் வழுவாமல் பார்த்துக்கொண்டேன். பழுது முழுவதும், மால்ட்டை இட்டு ஊறவைத்து வடிகட்டும் பையில்தான் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழெட்டு முறை காய்ச்ச வேண்டியிருந்தது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெயில் 38 டிகிரியைத் தொட்ட ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை, வேலை முடிந்த களைப்பில் ஐந்து கிலோ சக்கையுடன் பையைத் துணி துவைக்கும் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அந்த அறைக் கதவைத் திறந்தபோது வாந்தியின் நெடி முகத்தில் அடித்தது. மால்ட் தானியத்தின் உமியிலேயே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஈரமும் சர்க்கரையும் சூடும் சேர்ந்து கிடைத்தால் அவையும் அவற்றோடு பிற நுண்ணுயிர்களும் ஒரே இரவில் பெருகிவிடுகின்றன. அந்தப் பையை நான்கு முறை துவைத்தும் வாடை போகவில்லை.

நம் வீடுகளில் இட்லித் துணியை எப்படி நடத்துகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இட்லியை எடுத்த கையோடு துணியைத் தண்ணீரில் போட்டுவிடுவோம். காயவிட்டால் மாவு நூலிழைக்குள் இறுகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தானியப் பையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஈரமாக இருக்கும் முதல் பத்து நிமிடத்தில் வெறும் தண்ணீர் செய்யும் வேலையை, காய்ந்த பிறகு எந்த மருந்தும் முழுமையாகச் செய்வதில்லை.

1. பை கொதிப்புக்கு முன் வேலை செய்கிறதா, பின் வேலை செய்கிறதா?

எல்லாவற்றுக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன்.

அரைத்த மால்ட்டைப் பெரிய பையில் இட்டு, 65 முதல் 67 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து (இதுவே மாஷ்), பையோடு தூக்கி வடிப்பது ஒரு முறை. அதில் பயன்படும் பையைத் தானியப் பை என்று இங்கே குறிப்பிடுகிறேன். அந்தப் பையிலிருந்து வடிந்த வோர்ட் எனும் இனிப்புச் சாறு அதன்பின் ஒரு மணி நேரம் தளதளவெனக் கொதிக்கப் போகிறது. ஆகவே தானியப் பைக்குக் கிருமிநீக்கம் தேவையில்லை. அது சுத்தமாகவும் உலர்ந்தும் வாடையின்றியும் இருந்தால் போதும். கிருமிநாசினியில் ஊறவைத்துப் பிறகு மாஷ் செய்வது மருந்தையும் நேரத்தையும் வீணடிப்பதாகும்.

நொதித்தல் முடியும் தறுவாயில் மணத்துக்காக ஹாப்ஸை நேரடியாக ஃபெர்மென்ட்டர் எனும் நொதிகலனுக்குள் இடும் சிறிய பை இதற்கு நேர் எதிரானது. அது தொடும் பியர் இனி ஒருபோதும் கொதிக்கப் போவதில்லை. ஆகவே அந்தப் பைக்குச் சுத்தம் முதற்படி, கிருமிநீக்கம் இரண்டாம் படி, இரண்டும் கட்டாயம். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை, ஏனெனில் மருந்து அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், அழுக்கின் அடியில் உள்ள கிருமியோ பத்திரமாக இருக்கும்.

ஒரே பையை இரண்டு வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள். என் வீட்டில் தானியப் பையின் விளிம்பில் சிவப்பு நூலும் ஹாப்ஸ் பைகளின் விளிம்பில் பச்சை நூலும் தைத்து வைத்திருக்கிறேன். காய்ச்சும் நாளின் பரபரப்பில் கண்ணுக்குத் தெரிவது அந்த நூல்தான்.

2. துணி எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள்

கழுவும் முறையைத் துணியே தீர்மானிக்கிறது. கடையில் கிடைக்கும் தானியப் பைகள் பெரும்பாலும் பாலியஸ்டர் வாய்ல் துணியில் தைக்கப்பட்டவை. சன்னலுக்குப் போடும் மெல்லிய திரைச்சீலையும் இதே வகைதான். சில பைகள் நைலான் வலையில் வருகின்றன. மலிவாகக் கிடைக்கும் ஹாப்ஸ் பைகள் பருத்தி மஸ்லினில் தைத்தவை.

பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதனால் விரைவில் காய்கிறது. ஆனால் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் அதன் இழையை மெல்ல மெல்ல அரித்துவிடும். அடுப்பு அழுக்கு நீக்கிகளிலும் சாக்கடை அடைப்பு நீக்கிகளிலும் காஸ்டிக் சோடா இருப்பதால் அவற்றைப் பையின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். நைலான் கொஞ்சம் தண்ணீர் உறிஞ்சும். அமிலங்களுக்கும் குளோரின் ப்ளீச்சுக்கும் இளகி, மஞ்சளாகி, வலுவிழக்கும். நீண்ட நேர வெயிலையும் தாங்காது. பருத்தி மஸ்லின் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். அதை ஒருமுறை பயன்படுத்திவிட்டுச் சக்கையோடு உரக்குழியில் போட்டுவிடுவதே நல்லது என்பது என் முடிவு. விலையும் மிகக் குறைவு.

நீங்களே துணி வாங்கித் தைப்பதாக இருந்தால், திரைச்சீலைக் கடையில் தீத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டு, பூச்சற்ற துணியை மட்டும் வாங்குங்கள். தைக்கும் நூலும் பாலியஸ்டராகவே இருக்கட்டும். பருத்தி நூலில் தைத்த என் முதல் பையில், துணி புதிதுபோல் இருக்கும்போதே அடித்தையல் மக்கிவிட்டது. பையைத் தூக்கிய கணத்தில் அடிப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பிரிந்து, சக்கை முழுவதும் அண்டாவுக்குள் விழுந்தது. ஈரச் சக்கையோடு பை 10 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது தையல்தான்.

3. புதிய பையை முதல் முறை அலசுங்கள்

புதுத் துணியில் நெசவாலையின் பசையும் மடிப்பு வாடையும் இருக்கும். வெந்நீரில் வாசனையற்ற சலவைத்தூள் சிறிதளவு இட்டு ஒருமுறை துவைத்து, மூன்று நான்கு தடவை நல்ல நீரில் அலசி உலர்த்துங்கள். இது போதும்.

4. வடிந்ததும் சக்கையைக் கொட்டுங்கள்

மாஷ் முடிந்து பையைத் தூக்கித் தொங்கவிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் வடியவிடுவீர்கள். அந்த நேரத்தில் அண்டாவின் அடியில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வோர்ட் கொதிநிலைக்கு வர என் அடுப்பில் சுமார் முப்பது நிமிடம் ஆகிறது. வெப்பம் தாங்கும் கையுறை அணிந்து பையைப் பிழியலாம்; பிழிவதால் பைக்குக் கேடில்லை, தையல் உறுதியாக இருந்தால் போதும். 65 டிகிரி வோர்ட் கையில் வழிந்தால் தோல் வெந்துவிடும் என்பதால் கையுறையைத் தவிர்க்காதீர்கள்.

பிழிந்ததும் உடனே சக்கையைக் கொட்டுங்கள். கொட்டும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பையை நிமிர்த்தி வைத்துக் கையால் வாரி எடுக்காதீர்கள்; அப்படிச் செய்தால் உமி மடிப்புகளுக்குள் மேலும் புகுந்துகொள்ளும். ஒரு பெரிய வாளியின் வாயில் பையின் வாயைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் இரண்டு மூலைகளையும் பிடித்து மேலே இழுங்கள். சக்கை முழுவதும் ஒரே கட்டியாக வழுக்கி விழும், பையும் தானாகவே உள்புறம் வெளியாகத் திரும்பிவிடும். அப்படியே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், ஈர வேட்டியை உதறுவதுபோல் நான்கு முறை பலமாக உதறுங்கள். ஒட்டியிருக்கும் உமியில் பெரும்பகுதி இந்த உதறலிலேயே போய்விடும்.

சக்கையைச் சமையலறைத் தொட்டியில் ஒரு பிடிகூடக் கழுவிவிடாதீர்கள். குழாயின் வளைவில் உமி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். நான் குழாய்ப் பணியாளருக்குக் கொடுத்த கூலியில் இரண்டு புதிய பைகள் வாங்கியிருக்கலாம். உரக்குழியில் போடுங்கள், கோழி வளர்ப்பவர்களிடம் கொடுங்கள். ஹாப்ஸ் கலந்த சக்கையை மட்டும் நாய் எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிர்போகும் அளவுக்கு ஆபத்தானது.

5. வோர்ட் கொதிக்கும் நேரத்தில் அலசி முடியுங்கள்

வோர்ட் ஒரு மணி நேரம் கொதிக்கும்போது, பொங்கி வழியாமல் பார்ப்பதும் ஹாப்ஸ் இடுவதும் தவிர உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. பையை அலச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பையின் உள்புறம் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரை உமி ஒட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பீய்ச்சுங்கள். நீர் துணியை ஊடுருவி உமியை வெளியே தள்ள வேண்டும். உமி இருக்கும் பக்கத்திலிருந்து அடித்தால் அது கண்ணிகளுக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்ளும். பிறகு ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்திக் கசக்கி, நீரை மாற்றி, மீண்டும் கசக்குங்கள். முதல் வாளி நீர் பால்போல் கலங்கும், இரண்டாவது மங்கலாக இருக்கும், மூன்றாவதில் வாளியின் அடி தெரிய வேண்டும். அடி தெரியும்வரை விடாதீர்கள்.

விரல்களால் தையல் ஓரங்களை ஒருமுறை தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகப் பிசுக்கு தட்டுப்பட்டால் அங்கே சர்க்கரையும் மாவும் இன்னும் இருக்கின்றன என்று பொருள். இப்படியே காயவிட்டால் அந்த இடம் கஞ்சி போட்ட வேட்டிபோல் விறைத்துக்கொள்ளும். அடுத்த முறை மாஷ் செய்யும்போது அங்கே வோர்ட் வடியாது, எலியும் எறும்பும் தேடி வரும்.

பையின் வாயில் சுருக்குக் கயிறு இருந்தால் அதை உருவி எடுத்துத் தனியாகக் கழுவுங்கள். இதை எந்தப் பையின் அட்டையிலும் நான் படித்ததில்லை. இரண்டாவது பையில் எவ்வளவு துவைத்தும் ஒரு புளித்த வாடை இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கயிற்றை உருவியபோது, மடிப்புக்குள் இருந்த பகுதி முழுவதும் கரும்பூஞ்சை படிந்து, கயிறு ஈரத் திரிபோல் கையோடு வந்தது. அது பருத்திக் கயிறு. இப்போது என் பைகள் எல்லாவற்றிலும் பாலியஸ்டர் கயிறுதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உருவி எடுத்து, ஊக்கு ஒன்றில் மாட்டி மீண்டும் நுழைக்கிறேன். இரண்டு நிமிட வேலை.

அலசி முடித்த பையை உடனே ஊறவைக்க முடியாவிட்டால் நல்ல நீர் நிறைந்த வாளியில் மூழ்கடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் அப்படி இருப்பதால் கேடில்லை; காற்றில் அரைகுறையாகக் காய்வதுதான் கேடு.

6. குளிர்விக்கும் நீரை வீணாக்காமல் அதில் ஊறவையுங்கள்

செப்புக் குழாய்ச் சுருளை அண்டாவில் இறக்கி வோர்ட்டைக் குளிர்விப்பவராக இருந்தால், சுருளிலிருந்து முதலில் வெளியேறும் நீர் மிகவும் சூடாக இருக்கும். அதை வாளியில் பிடித்துவையுங்கள். பத்து லிட்டர் வெந்நீர் செலவில்லாமல் கிடைக்கிறது. பையை ஊறவைக்க அது போதும். வெப்பமானி வைத்துப் பார்த்து, 50 முதல் 60 டிகிரிக்குள் வந்ததும், துணிக்கறை நீக்கும் தூளான சோடியம் பெர்கார்பனேட்டை லிட்டருக்கு 4 கிராம் வீதம் இட்டுக் கரையுங்கள். பத்து லிட்டருக்கு 40 கிராம். அதில் பையை முழுதாக மூழ்கடித்து முப்பது நிமிடம் வையுங்கள்.

பெர்கார்பனேட் நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிகிறது. முன்னது கறையையும் வாடையையும் ஆக்சிஜனேற்றிப் போக்குகிறது. பின்னது பிசுக்கையும் ஹாப்ஸ் பிசினையும் கழற்றிவிடுகிறது. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் காரக் கரைசலில் நன்றாகக் கரைவதால், பச்சை மஞ்சளாகப் பிசின் படிந்த ஹாப்ஸ் பைக்கும் இதுவே உகந்தது. காய்ச்சுவோர் கடைகளில் கிடைக்கும் பிபிடபிள்யூ எனும் கழுவுதூளும் பெர்கார்பனேட்டை அடிப்படையாகக் கொண்டதுதான். சிலிகேட் சேர்ந்திருப்பதால் கெட்டியான கறையில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, விலை கூடுதல். துணிப்பைக்கு வெறும் பெர்கார்பனேட்டே போதும் என்பது என் அனுபவம்.

சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெர்கார்பனேட் எத்தனை விழுக்காடு என்று அங்கே அச்சிட்டிருக்கும். விழுக்காடு பாதியானால் அளவு இரட்டிக்க வேண்டும். மலிவு என்று எடுத்த டப்பா உண்மையில் மலிவில்லை என்று அப்போதுதான் தெரியும். வாசனை, நுரைப்பொருள், வெண்மையூட்டி சேர்ந்தவற்றைத் தவிர்த்து, வாசனையற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. கரைத்த பெர்கார்பனேட்டை மூடிய பாட்டிலில் அடைத்துவைக்காதீர்கள். ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பாட்டில் உப்பி வெடிக்கக்கூடும். நாளைக்குப் பயன்படும் என்று எடுத்துவைப்பதிலும் பொருளில்லை, சில மணி நேரத்தில் அதன் வீரியம் குறைந்துவிடும். நைலான் பையை ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் விடாதீர்கள். கையுறை அணியுங்கள், தூள் கண்ணில் படாமல் பாருங்கள்.

ஊறியதும் மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். கடைசி அலசல் நீரில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை உடனே அடங்கினால் சோப்பு எஞ்சவில்லை என்று பொருள். நின்றால் இன்னும் ஒருமுறை அலச வேண்டும். கடின நீர் வரும் ஊர்களில் துணி வெளுத்து மொறமொறப்பாகத் தெரிந்தால் சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் சில நிமிடம் நனைத்து அலசலாம். மெல்பர்ன் குழாய்நீர் மிகவும் மென்மையானது என்பதால் எனக்கு இது தேவைப்பட்டதே இல்லை.

7. பையின் அருகில் வரக்கூடாதவை

குளோரின் ப்ளீச் முதலாவது. நான் பை வாங்கிய இடத்தில் "ப்ளீச்சில் ஊறவைத்தால் போதும்" என்று சொன்னார்கள், நம்பிச் செய்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்த 20 லிட்டர் பியரும் மருத்துவமனைப் பிளாஸ்திரி மணத்தது. மால்ட்டிலும் ஹாப்ஸிலும் ஈஸ்டின் செயலிலும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் உண்டு. துணியில் எஞ்சிய குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரோஃபீனால்களை உண்டாக்குகிறது; மிக நுண்ணிய அளவிலேயே நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும், எத்தனை மாதம் வைத்தாலும் அது பியரிலிருந்து போகாது. ப்ளீச்சையும் வினிகர் போன்ற அமிலத்தையும் ஒருசேரப் பயன்படுத்தினால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும். அது பியரைவிடப் பெரிய ஆபத்து.

துணி மென்மையாக்கி இரண்டாவது. அது இழையின் மேல் மெழுகுபோல் படிந்து, அலசினாலும் போகாமல் நின்று, பியரின் நுரையைக் கொன்றுவிடும். வாசனைச் சலவைத்தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் நன்றாக அலசாவிட்டால் இதே கேட்டைச் செய்கின்றன. கண்ணாடிக் குவளையில் ஊற்றியதும் நுரை அரை நிமிடத்தில் காணாமல்போனால், மால்ட்டைக் குறை சொல்வதற்கு முன் பையை முகர்ந்து பாருங்கள்.

சலவை இயந்திரத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முந்தைய துணிகளின் சோப்பும் மென்மையாக்கியும் அதன் உள்ளே படிந்திருக்கும், மற்ற துணிகளின் ஊக்குகள் பையைக் கிழிக்கும், எஞ்சிய உமி இயந்திரத்தின் வடிகட்டியை அடைக்கும். கையால் துவைப்பதற்கு ஆகும் நேரம் அதைவிடக் குறைவு. சூடான உலர்த்தும் இயந்திரமும் வேண்டாம். பாலியஸ்டர் அங்கே சுருங்கி நிரந்தர மடிப்பு விழுந்துவிடும்.

அடுப்புச் சூட்டையும் இங்கே சொல்ல வேண்டும். கொதிக்கும் நீரைப் பாலியஸ்டர் தாங்கும். எரியும் அடுப்பின் மேல் இருக்கும் அண்டாவின் அடித்தகட்டைத் தாங்காது. மாஷ் நடுவில் சூடேற்ற வேண்டியிருந்தால் அண்டாவின் அடியில் ஒரு வட்டக் கம்பித் தட்டை வைத்து, பை அடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடி பொசுங்கிய பையைக் கழுவியோ தைத்தோ காப்பாற்ற முடியாது.

8. ஹாப்ஸ் பைக்குக் கிருமிநீக்கம்

மேலே சொன்ன எல்லாம் ஹாப்ஸ் பைக்கும் பொருந்தும். ஒரு படி மட்டும் கூடுகிறது. பயன்படுத்தப்போகும் அன்று, பயன்படுத்துவதற்குச் சற்று முன்னால் கிருமிநீக்கம் செய்யுங்கள். முந்தைய வாரம் கொதிக்கவைத்து அலமாரியில் வைத்த பை, கிருமிநீக்கம் செய்த பை ஆகாது.

எனக்கு நம்பிக்கையான வழி கொதிக்கவைப்பதுதான். பை, கயிறு, அதற்குள் எடையாக வைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஆகிய மூன்றையும் மூழ்கும் அளவு நீரில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். கையைச் சுத்தம் செய்துகொண்டு, கிருமிநாசினியில் நனைத்த இடுக்கியால் எடுத்து, பிழிந்து, ஹாப்ஸை இட்டுக் கட்டி, அப்படியே ஃபெர்மென்ட்டருக்குள் இறக்கிவிடுங்கள். எடுத்ததிலிருந்து இறக்குவது வரை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாமல், தேவையானவற்றை முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார் சான் போன்ற அமிலக் கிருமிநாசினியையும் பயன்படுத்தலாம்: லிட்டருக்கு ஒன்றரை மில்லிலிட்டர், இரண்டு நிமிடம். துணி என்பதால் கரைசல் எல்லா இழைக்குள்ளும் புகும்படி அமுக்கி அமுக்கி நனைக்க வேண்டும். ஆனால் பெர்கார்பனேட் காரம், இது அமிலம். சரியாக அலசாத பையை இதில் போட்டால் ஒன்றையொன்று முறித்துவிடும், நீங்கள் கிருமிநீக்கம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) மூன்றுக்குக் கீழே இருக்க வேண்டும்; ஒரு பிஎச் சோதனைத் தாள்துண்டால் சோதித்துவிடலாம்.

பையில் ஹாப்ஸைத் திணித்து நிரப்பாதீர்கள். நனைந்த ஹாப்ஸ் பல மடங்கு உப்பும். பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தால்தான் பியர் உள்ளே புகுந்து மணத்தை எடுத்துக்கொள்ளும். தையலுக்கும் அழுத்தம் வராது, பின்னால் கழுவுவதும் எளிது.

9. உலர்த்துங்கள், பிறகு வையுங்கள்

கழுவிய பையை முறுக்கிப் பிழியாமல் இரண்டு கைகளாலும் அழுத்தி நீரை வெளியேற்றி, உள்புறம் வெளியே இருக்கும்படி நிழலான கொடியில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். கோடையில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மெல்பர்னின் ஜூலை மாதத்தில் வீட்டுக்குள் ஒரு முழு நாள் ஆகிறது. துணி காய்ந்த பிறகும் தையல் மடிப்புகளில் ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் காயவில்லை.

பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள். காகிதப் பையிலோ பழைய தலையணை உறையிலோ போட்டு உயரமான அலமாரியில் வையுங்கள். மால்ட் மூட்டைக்கு அருகில் வேண்டாம்; அங்கே வரும் எலி இதையும் கடித்துப் பார்க்கும்.

அடுத்த முறை எடுக்கும்போது ஒரு வாடைச் சோதனை செய்யுங்கள். பையை ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்து வெந்நீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகருங்கள். உலர்ந்த துணியில் ஒளிந்திருக்கும் புளிப்பும் சோப்பு வாசனையும் சூட்டில் வெளியே வந்துவிடும். புளிப்பு இருந்தால் ஆறாம் படியை ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறை செய்தும் போகாவிட்டால் அந்தப் பை இனி வேண்டாம்.

10. குறிப்பு அட்டை, செலவு, சட்டம்

ஒவ்வொரு பைக்கும் ஒரு அட்டை எழுதிவையுங்கள். வாங்கிய தேதி, விலை, துணியின் வகை, ஒவ்வொரு முறை பயன்படுத்திய தேதி, எதில் எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள், தையலில் என்ன கண்டீர்கள் என்பவை போதும். அதே எண்ணைப் பியர் பாட்டில் சீட்டிலும் எழுதுங்கள். என் பிளாஸ்திரி மணத்துக்குக் காரணம் ப்ளீச் என்று உறுதியானது இந்தக் குறிப்பால்தான்: ஒரே நாளில் வாங்கிய மால்ட்டில் காய்ச்சிய இரண்டு தொகுதிகளில், ப்ளீச் பட்ட பையில் வடித்தது மட்டுமே கெட்டிருந்தது.

என் கணக்கைச் சொல்கிறேன். இப்போதுள்ள தானியப் பையை 45 டாலருக்கு வாங்கினேன். இதுவரை 30 முறை காய்ச்சியிருக்கிறேன். ஒரு முறைக்கு ஒன்றரை டாலர் ஆகிறது. கிலோ 10 டாலர் என்று வாங்கிய பெர்கார்பனேட்டில் ஒரு முறைக்கு 40 காசு. முதல் ஆண்டில் கெட்ட மூன்று பைகளோ ஒவ்வொன்றும் ஐந்து முறைகூட உழைக்கவில்லை. நேரத்தைப் பொறுத்தவரை, கை படும் வேலை மொத்தமே இருபத்தைந்து நிமிடம். மற்றதெல்லாம் கொதிப்பும் குளிர்விப்பும் நடக்கும்போதே ஊறலில் முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. சாராயம் வடிப்பது முற்றிலும் வேறு. அதற்கு வரித்துறையின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், அங்கிருந்து இதைப் படிப்பவர்கள் முயல வேண்டாம். வேறு நாட்டில் இருப்பவர்கள் பை வாங்குவதற்கு முன் அந்நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. எப்போது கழிக்க வேண்டும்

ஐந்து முறைக்கு ஒருமுறை பையை விளக்கொளிக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணிகள் சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இழைகள் விலகிச் சல்லடைபோல் தெரிந்தால் அங்கேதான் அடுத்த கிழிசல். ஊசித்துளை அளவு ஓட்டையைப் பாலியஸ்டர் நூலால் உடனே தைத்துவிடலாம். விரல்நுனி நுழையும் ஓட்டையானால் உமி வோர்ட்டோடு சேர்ந்து கொதித்து, டீத்தூளை அதிக நேரம் கொதிக்கவிட்டதுபோல் துவர்ப்பை இறக்கிவிடும். அடித்தையலை இரண்டு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். நூல் ஒன்று அறுந்தாலும் முழுத் தையலையும் பிரித்து இரட்டைத் தையலாகப் போடுங்கள், அல்லது பையை மாற்றுங்கள்.

ஹாப்ஸ் பையில் பூஞ்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் தயங்காமல் கழித்துவிடுங்கள். தானியப் பையைக் கழிக்கும்போது கெடாத பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அண்டாவின் வாயளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தால், திறந்தவெளியில் காய்ச்சும்போது ஆறும் வோர்ட்டில் பூச்சி விழாமல் மூடிவைக்க உதவும். என் வீட்டில் இப்போது அந்த வேலையைச் செய்வது நான்காவது பையின் பக்கவாட்டுத் துணிதான்.